மின் நிறுவனங்களின் பிஆர்எஸ்ஆர் அறிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனல், பழுப்பு நிலக்கரி, சூரிய மின்சாரம், காற்றாலை, மின்தொடர் (மின்சாரத்தைக் கம்பி வழியே கொண்டுசெல்வது) என எந்தப் பிரிவில் இருந்தாலும், ஏப்ரல் பிறந்தால் சுற்றுச்சூழல் பிரிவுக்கும் கம்பெனி செகரட்டரி அலுவலகத்துக்கும் இடையே ஒரே சந்தேகங்கள்தான் போய் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் கீழே உள்ளன. எல்லாம் பிஆர்எஸ்ஆர் பற்றியவை; அதாவது இந்தியாவில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி கேட்கும் 'வணிகப் பொறுப்பும் நிலைத்தன்மையும்' அறிக்கை.

பிஆர்எஸ்ஆர்னா என்ன? சிஎஸ்ஆர் அறிக்கைக்குத்தான் புதுப் பேரா?

இல்லை. சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) என்பது கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி லாபத்தில் 2% ஒதுக்கிச் செய்யும் செலவு. பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தது அதில் வரும். தொழிலையே எப்படி நடத்துகிறீர்கள் என்பதுதான் பிஆர்எஸ்ஆர் கேட்கும் விஷயம்: எவ்வளவு எரித்தீர்கள், எவ்வளவு தண்ணீர் எடுத்தீர்கள், எத்தனை பேருக்கு அடிபட்டது, யாரிடம் வாங்கினீர்கள். செபி 2021 மே மாதம் இதை அறிவித்தது. 2021-22ல் விருப்பப்பட்டால் தரலாம் என்றிருந்தது. 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியல் நிறுவனங்களுக்குக் கட்டாயம்.

அறிக்கையில் மூன்று பகுதிகள். முதலாவது பொதுத் தகவல், இரண்டாவது கொள்கையும் நிர்வாகமும், மூன்றாவது ஒன்பது கோட்பாடுகளின்படி செயல்பாடு. மூன்றாம் பகுதியில் கட்டாயக் கேள்விகளும் விருப்பக் கேள்விகளும் தனித்தனியே இருக்கும். ஆண்டறிக்கையில் அச்சானால் மட்டும் போதாது. பங்குச் சந்தைகளுக்கு எக்ஸ்பிஆர்எல் என்ற கணினி படிக்கும் வடிவிலும் தர வேண்டும். இரண்டிலும் எண் வேறாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. கடைசி நேரத் திருத்தம் ஒன்றில் ஏறி, மற்றதில் ஏறாமல் போவதுதான் காரணம்.

எங்க கம்பெனி அந்த 1,000-ல வருதான்னு எப்படிப் பார்க்குறது? மின்வாரியத்துக்கும் இது உண்டா?

ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரையிலான சராசரி சந்தை மதிப்பை வைத்து வரிசை போடப்படுகிறது. ஒருமுறை உள்ளே வந்தால் அடுத்த வருடமே வெளியேற முடியாது. தொடர்ந்து மூன்று வருடம் வரிசைக்கு வெளியே இருந்தால்தான் கடமை விலகும்.

பங்கு பட்டியலிடப்பட்டிருந்தால்தான் இதெல்லாம். என்எல்சி இந்தியா பட்டியலில் இருக்கிறது, அதனால் உண்டு. தமிழ்நாடு மின்வாரியத்தின் வாரிசு நிறுவனங்கள் பங்குச் சந்தையில் இல்லை, அதனால் நேரடிக் கடமை இல்லை. ஆனால் பட்டியல் நிறுவனம் ஒன்றிடம் பெரிய அளவில் மின்சாரம் வாங்கினால், அங்கிருந்து கேள்வித்தாள் வரும். ஏன் என்பது கீழே மதிப்புச் சங்கிலிக் கேள்வியில் இருக்கிறது.

'கோர்'னு தனியா ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன?

பிஆர்எஸ்ஆரின் உள்ளே ஒன்பது தலைப்புகளை மட்டும் தனியே எடுத்து, அவற்றை வெளியாள் சரிபார்க்க வேண்டும் என்று 2023 ஜூலையில் செபி சொன்னது. வெப்பவாயு, தண்ணீர், ஆற்றல், கழிவு, ஊழியர் நலனும் பாதுகாப்பும், பெண்களுக்கான பங்கு, சிறு ஊர்களில் வேலையும் சிறு நிறுவனக் கொள்முதலும், வாடிக்கையாளர்-சப்ளையர் நியாயம், வணிகத்தின் வெளிப்படைத்தன்மை ஆகியவை அந்த ஒன்பது.

சரிபார்ப்பு படிப்படியாக வந்தது: 2023-24ல் முதல் 150 நிறுவனங்கள், 2024-25ல் 250, 2025-26ல் 500, 2026-27ல் 1,000. 2025 மார்ச்சில் செபி இதைத் தளர்த்தி, 'அஷ்யூரன்ஸ் (சான்றளிப்பு) அல்லது அசெஸ்மென்ட் (மதிப்பீடு)' இரண்டில் ஒன்று போதும் என்றது. எப்படிக் கணக்கிடுவது என்ற விளக்கக் குறிப்பை அசோசாம், சிஐஐ, ஃபிக்கி மூன்றும் சேர்ந்த தொழில்துறை மன்றம் 2024 டிசம்பரில் வெளியிட்டது. கோர் வேலை செய்பவர் மேசையில் அது இல்லாவிட்டால், பாதிக் கேள்விகளைத் தேவையில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

துணை நிறுவனத்தோட உமிழ்வையும் சேர்க்கணுமா?

தனி நிறுவன அடிப்படையிலும் தரலாம், தொகுப்பு அடிப்படையிலும் தரலாம். எது என்று அறிக்கையின் ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் 1,000 மெகாவாட் நிலையத்தை நடத்தும் என்டிபிஎல் நிறுவனத்தில் என்எல்சிக்கு 89%, தமிழக மின்வாரியத்துக்கு 11% பங்கு. தாய் நிறுவனம் தனி அடிப்படையில் எழுதினால் அந்த 1,000 மெகாவாட்டின் புகை கணக்கில் வராது. சட்டப்படி அதில் தவறில்லை, ஆனால் படிப்பவர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வகுக்கும் கணக்கில் மேலே ஒரு எல்லையையும் கீழே வேறு எல்லையையும் போடுவதுதான் உண்மையான கோளாறு. உமிழ்வைத் தனி நிறுவனத்துக்கு எடுத்து, வருமானத்தைத் தொகுப்புக் கணக்கிலிருந்து எடுத்தால் அடர்த்தி எண் (ரூபாய் வருமானத்துக்கு எவ்வளவு உமிழ்வு என்பது) அழகாகக் குறைந்துவிடும். சரிபார்க்க வருபவர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஒரு டன் நிலக்கரி எரிச்சா எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு? ஆளுக்கு ஒரு எண் சொல்றாங்க.

பெரும்பாலும் வெப்ப மதிப்பை மாற்றிப் போடுவதால் வரும் வித்தியாசம் அது. நம் ஆய்வகங்கள் அளப்பது மொத்த வெப்ப மதிப்பு, அதாவது ஜிசிவி. ஐநாவின் காலநிலைக் குழுவான ஐபிசிசி தரும் உமிழ்வுக் காரணிகள் நிகர வெப்ப மதிப்புக்கு, அதாவது என்சிவிக்கு உரியவை: சப்-பிட்டுமினஸ் நிலக்கரிக்கு ஒரு ஜிகாஜூலுக்கு 96.1 கிலோ, பழுப்பு நிலக்கரிக்கு 101, இயற்கை எரிவாயுவுக்கு 56.1. ஜிசிவியை அப்படியே இந்தக் காரணியால் பெருக்கக் கூடாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜிசிவி கிலோவுக்கு 3,600 கிலோகலோரி என்றால், 4.1868 ஆல் பெருக்க டன்னுக்கு 15.07 ஜிகாஜூல். நிலக்கரிக்கு என்சிவி சுமார் 5% குறைவு என்று கொண்டால் 14.32. இதை 96.1 ஆல் பெருக்கினால் டன்னுக்கு 1.376 டன் கார்பன் டை ஆக்சைடு. ஜிசிவியையே பெருக்கியிருந்தால் 1.448 வந்திருக்கும். 10 லட்சம் டன் எரிக்கும் நிலையத்தில் இந்த ஒரு தவறு 72,000 டன்னைக் கூட்டிவிடும். மத்திய மின்சார ஆணையம் ஜிசிவி அடிப்படையிலேயே காரணி தருகிறது; அதை எடுத்தால் என்சிவிக்கு மாற்றவே கூடாது. எந்தக் காரணியோ அதற்குரிய வெப்ப மதிப்பு, அவ்வளவுதான்.

பில்லுல ஒரு ஜிசிவி, யார்டுல ஒண்ணு, பங்கர்ல இன்னொண்ணு. எதை எடுக்குறது?

கொதிகலனுக்குள் போனதை: பங்கர் (கொதிகலனுக்குப் போகும் முன் நிலக்கரி நிற்கும் தொட்டி) மாதிரியில் எடுத்த ஜிசிவியும், ஃபீடர் (அங்கிருந்து நிலக்கரியை ஊட்டும் கருவி) அளந்த எடையும். பில்லில் உள்ள தரத்துக்கும் வந்து சேர்ந்த நிலக்கரிக்கும் இடையே சில நூறு கிலோகலோரி விழுவது சாதாரணம். அளவை ரயில்வே ரசீதிலிருந்தும் தரத்தை பங்கரிலிருந்தும் எடுத்துக் கலக்குவது பெரிய தவறு, ஈரப்பதம் வேறு வேறு என்பதால். எடையும் தரமும் ஒரே இடத்தில், ஒரே ஈரப்பத அடிப்படையில் அளந்தவையாக இருக்க வேண்டும்.

ஃபீடர் எண்ணை ஒரு குறுக்குக் கணக்கால் சோதியுங்கள்: ஆரம்ப இருப்பு, கூட்டல் வரவு, கழித்தல் கடைசி இருப்பு. மார்ச் 31 இருப்பு அளவீட்டில் நிலக்கரிக் குவியலின் அடர்த்தியை உத்தேசமாகப் போட்டிருந்தால் இரண்டும் ஒட்டாது. ஒட்டவில்லை என்றால் வித்தியாசத்தை எழுதி வையுங்கள், மறைக்க வேண்டாம். பற்றவைக்கும் எண்ணெய், டோசர்களின் டீசல், கந்தக நீக்கியில் போடும் சுண்ணாம்புக்கல் ஆகியவற்றையும் ஸ்கோப் 1ல் (நிறுவனத்தின் நேரடி உமிழ்வில்) சேர்க்க மறக்கக் கூடாது. சுத்தமான சுண்ணாம்புக்கல் டன்னுக்கு 0.44 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்.

மின்சாரம் தயாரிக்கிறதே நாங்கதான். ஸ்கோப் 2 பூஜ்யம்னு போடலாமா?

போட முடியாது. ஸ்கோப் 2 என்பது வெளியிலிருந்து வாங்கிப் பயன்படுத்திய மின்சாரத்தின் உமிழ்வு. நிலையத்தின் சொந்த உபயோகம் சொந்த ஜெனரேட்டரிலிருந்து போனால் அது ஸ்கோப் 1ல் ஏற்கனவே வந்துவிட்டது, சரி. ஆனால் எல்லா யூனிட்டும் நின்றிருக்கும்போது கிரிட்டிலிருந்து இழுத்தது, மாநில இணைப்பில் ஓடும் தலைமை அலுவலகம், குடியிருப்பு, சுரங்கம் எல்லாம் ஸ்கோப் 2. சூரிய மின் நிலையமும் ராத்திரியில் டிரான்ஸ்பார்மருக்கும் கண்காணிப்புக்கும் கிரிட்டிலிருந்து இழுக்கத்தான் செய்கிறது. மாதாந்திர மின் கணக்கில் இறக்குமதி என்ற வரியைத் தனியே பாருங்கள். ஏற்றுமதியில் கழித்துக் காட்டிய நிகர எண் உதவாது.

காரணியை மத்திய மின்சார ஆணையத்தின் கார்பன் தரவுத்தொகுப்பிலிருந்து எடுக்கலாம். 2022-23க்கு ஒரு மெகாவாட்-மணிக்கு 0.716 டன், 2023-24க்கு 0.727 டன். 2,000 மெகாவாட்-மணி இறக்குமதிக்கு முதலாவது 1,432 டன், இரண்டாவது 1,454 டன். நிதியாண்டுக்குரிய காரணி அறிக்கை அச்சாகும் நேரத்தில் வந்திருக்காது. அப்போது கிடைக்கும் கடைசிப் பதிப்பு எது என்று குறிப்பில் எழுதிவிட்டால் போதும்.

மின்தொடர் நிறுவனங்களுக்கு விஷயம் வேறு. கம்பியில் இழந்த மின்சாரம் அவர்களுடைய ஸ்கோப் 2. அவர்களின் மொத்த உமிழ்வில் பெரும்பகுதியே அதுதான்.

துணைமின் நிலையத்துல எஸ்எஃப்6 கேஸ் கொஞ்சம்தான் கசியுது. அதையெல்லாம் எழுதணுமா?

எழுத வேண்டும். எஸ்எஃப்6 என்பது மின் கருவிகளுக்குள் மின்காப்புக்காக அடைக்கும் வாயு; ஐபிசிசியின் ஐந்தாம் அறிக்கைப்படி அதன் வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 23,500 மடங்கு. 10 கிலோ கசிந்தால் 235 டன். கசிவை நேரடியாக அளக்க முடியாது, நிரப்பியதை வைத்துத்தான் கணக்கு. பிரேக்கரில் (மின்சுற்றைத் துண்டிக்கும் கருவியில்) வாயு நிரப்பும் முன்னும் பின்னும் சிலிண்டரை எடை போட்டு, பிரேக்கர் எண்ணுடன் பதிவேட்டில் எழுத வேண்டும். 'ஒரு சிலிண்டர் போட்டோம்' என்ற பதிவு பயன்படாது. பாதி சிலிண்டர் மிச்சமிருந்திருக்கும். புதிய பிரேக்கருக்கு முதன்முறை நிரப்பியது கசிவில் சேராது.

நிலக்கரியோட ஆற்றலையும் உள்ளே செலவான மின்சாரத்தையும் கூட்டினா ரெண்டு தடவை எண்ணினது ஆகாதா?

ஆகும். எரிபொருளின் ஆற்றலை எழுதிவிட்டால் அதிலிருந்து பிறந்த மின்சாரத்தை மறுபடி கூட்டக் கூடாது. வெளியிலிருந்து வாங்கியதையும், எரிபொருள் இல்லாமல் சொந்தச் சூரியத் தகட்டில் பிறந்து உள்ளேயே செலவானதையும் மட்டும் கூட்டலாம், மெகாவாட்-மணிக்கு 3.6 ஜிகாஜூல். விற்ற மின்சாரத்தைக் கழிப்பதா வேண்டாமா என்பதில் நிறுவனங்கள் ஒன்றுபோல் செய்வதில்லை. ஜிஆர்ஐ என்ற சர்வதேச அறிக்கைத் தரநிலை கழிக்கச் சொல்கிறது. எதைச் செய்தாலும் அடிக்குறிப்பு வேண்டும், ஏனென்றால் இரண்டு முறைக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எண் மாறும்.

உமிழ்வு குறையவே இல்ல, ஆனா அடர்த்தி குறைஞ்சிருக்கு. எப்படி?

பகுக்கும் எண் ரூபாய் வருமானம் என்பதால். நிலக்கரி விலை ஏறினால் எரிபொருள் கட்டணம் ஏறும், வருமானம் ஏறும், புகை அப்படியே இருந்தாலும் 'ரூபாய்க்கு உமிழ்வு' இறங்கும். மின் நிறுவனத்துக்கு இந்த அளவுகோல் அவ்வளவு பொருந்தாது என்பதே எங்கள் கருத்து. படிவம் உற்பத்தி அடிப்படையிலும் கேட்கிறது. மெகாவாட்-மணிக்கு எத்தனை டன் என்ற அந்த எண்தான் பேசும். மொத்த உற்பத்தியா, சொந்த உபயோகம் போக நிகரமா என்று சொல்லுங்கள்.

கோரில் வாங்கும் திறன் சமநிலைக் காரணியும் (நாடுகளின் விலைவாசி வேறுபாட்டைச் சரிக்கட்டும் எண்) உண்டு. ரூபாய் வருமானத்தை சர்வதேச நாணய நிதியத்தின் அந்த எண்ணால் வகுக்க வேண்டும். 2023-24 அறிக்கைகள் பலவற்றில் 22.88, அடுத்த ஆண்டில் 20.66 என்று பயன்படுத்தினார்கள். எண் குறைந்ததாலேயே வகுத்த வருமானம் பெருகி, அடர்த்தி ஏறக்குறைய 10% இறங்கியது போலத் தெரியும். அதைச் சாதனையாக எழுதிவிட வேண்டாம்.

கடல் தண்ணியில குளிரூட்டுறோம். கோடிக்கணக்கான கிலோலிட்டர் எடுத்து அப்படியே விடுறோம். அதையும் நுகர்வுன்னு காட்டணுமா?

எடுத்தது வேறு, நுகர்ந்தது வேறு. எடுத்ததைக் கடல்நீர் என்ற வரியில் முழுதாக எழுதுங்கள், திரும்ப விட்டதை வெளியேற்றத்தில் எழுதுங்கள். வித்தியாசம்தான் நுகர்வு, அது சிறியதாகவே இருக்கும். கோர் கேட்பது நுகர்வையும், வெளியேற்றம் எங்கே போனது, எந்த அளவு சுத்திகரிக்கப்பட்டது என்பதையும்.

நன்னீர் நிலையங்களுக்கு 2015 டிசம்பர் அறிவிக்கை ஒரு வரம்பு வைத்தது: குளிர்விப்புக் கோபுரம் உள்ள பழைய நிலையங்கள் மெகாவாட்-மணிக்கு 3.5 கன மீட்டர். 2017க்குப் பின் வந்தவற்றுக்கு 2.5 என்றிருந்ததை 2018ல் 3.0 ஆக்கினார்கள், கடல்நீர் நிலையங்களுக்கு விலக்கும் தந்தார்கள். உங்கள் எண் இந்த வரம்போடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை வகுத்துப் பார்த்தால், மீட்டர் பழுது உடனே தெரியும்.

சுரங்கம் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் சிக்கல். நெய்வேலியில் சுரங்கம் நடக்க நிலத்தடி நீரை இடைவிடாமல் பம்ப் செய்தாக வேண்டும். அந்த நீர் அனல் நிலையத்துக்குப் போனாலும் வெளியாருக்குக் கொடுத்தாலும், எடுத்த கணக்கில் நிலத்தடி நீராக ஒரே ஒருமுறை வர வேண்டும். சுரங்கப் பிரிவும் அனல் பிரிவும் தனித்தனியே எழுதித் தொகுக்கும்போது இரண்டு தடவை ஏறிவிடும்.

சாம்பல் உபயோகம் 109%னு வருது. இது சரியா?

வரலாம். 10 லட்சம் டன் நிலக்கரியில் 35% சாம்பல் என்றால் அந்த வருடம் பிறந்தது 3.5 லட்சம் டன். சிமென்ட் ஆலைக்கு 3.2 லட்சம் போய், பழைய குளத்திலிருந்து 60,000 டன் சாலைக்குப் போனால் மொத்தம் 3.8 லட்சம், 109%தான். 2021 டிசம்பர் 31 சாம்பல் அறிவிக்கை பழைய இருப்பையும் தீர்க்கச் சொல்வதால் இது இயல்பு. உபயோகிக்காத சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடும் அதில் உண்டு. பிஆர்எஸ்ஆர் கழிவு அட்டவணையில் இந்த வருடச் சாம்பலையும் பழையதையும் பிரித்துக் காட்டாவிட்டால், பிறந்ததைவிட மீட்டது அதிகம் என்று கோப்பு திரும்பி வரும்.

அட்டவணையில் சாம்பலுக்கென்று தனி வரி இல்லை. 'பிற அபாயமற்ற கழிவு' வரியில் போட்டுப் பெயரைக் குறிப்பிட வேண்டும். குளத்துச் சாம்பலை எடைமேடையில் ஈரத்தோடு நிறுத்திவிட்டு, பிறந்ததை உலர்ந்த எடையில் கணக்கிட்டால் ஒப்பிட முடியாது. ஈரப்பதத்தைக் கழியுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு அடிபட்டா அது கான்ட்ராக்டர் கணக்குதானே?

இல்லை, உங்கள் கணக்கு. வேலைநாள் இழப்புக் காய விகிதத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் சேர வேண்டும் என்று படிவமே சொல்கிறது. கணக்கு: காயங்களின் எண்ணிக்கை × 10 லட்சம் ÷ உழைத்த மொத்த மணிநேரம். நிரந்தர ஊழியர் 14 லட்சம் மணிநேரத்தில் ஒரு காயம் என்றால் 0.71. ஒப்பந்தத் தொழிலாளர் 56 லட்சம் மணிநேரத்தில் ஒன்பது காயம் என்றால் 1.61. முதல் எண்ணை மட்டும் போட்டவர்கள் உண்டு.

மணிநேரத்தை 'ஆட்கள் × 8 × 300' என்று போடாதீர்கள். வருடாந்திரப் பழுதுபார்ப்பு மாதத்தில் ஆட்கள் இரட்டிப்பாவார்கள், 12 மணிநேர ஷிப்ட் ஓடும். வாயிற்கதவு பயோமெட்ரிக் பதிவிலிருந்து எடுத்து, ஒப்பந்ததாரர் கட்டும் வருங்கால வைப்பு நிதிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அடிபட்டவரை மறுநாள் வரவழைத்து உட்காரவைத்து 'நாள் இழப்பு இல்லை' என்று எழுதும் வழக்கமும் மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்தால் வெளிப்பட்டுவிடும்.

டிஸ்காம் (மின் விநியோக நிறுவனம்) எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி இதுல வருமா?

வராது. கேட்பது நீங்கள் தர வேண்டியதை: செலுத்த வேண்டிய தொகை × 365 ÷ கொள்முதல் செலவு. நிலக்கரிக்குப் பெரும்பாலும் முன்பணம் போவதால் சராசரி நாள் நன்றாகத் தெரியும். அதற்குள் சிறு ஒப்பந்ததாரர்களின் நிலுவை ஒளிந்துகொள்ளும். சிறு நிறுவனங்களுக்குச் சட்டப்படி உச்சவரம்பு 45 நாள். அதைத் தனியே பார்த்து வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் நிதியறிக்கைக் குறிப்பிலும் அதே தகவல் வருகிறது.

கவர்னன்ஸ்னு வேற என்ன கேட்குறாங்க?

தொடர்புடைய தரப்பினரோடு எவ்வளவு வாங்கினீர்கள், விற்றீர்கள், கடன் கொடுத்தீர்கள், முதலீடு செய்தீர்கள் என்று மொத்தத்தில் சதவீதமாக. எண்கள் தணிக்கையான நிதியறிக்கையின் தொடர்புடைய தரப்புக் குறிப்போடு ரூபாய் சுத்தமாக ஒட்ட வேண்டும். டீலர்களுக்கான விற்பனை என்ற கேள்வியில் டிஸ்காமை டீலராகப் போடுவது சரியில்லை என்பது எங்கள் பார்வை. 'பொருந்தாது' என்று காரணத்தோடு எழுதலாம். லஞ்ச வழக்கு, அபராதம், பணியிடப் பாலியல் தொல்லைப் புகார்கள் ஆகியவையும் அறிக்கையில் உண்டு.

மதிப்புச் சங்கிலின்னு சொல்லி சப்ளையர்கிட்டயும் விவரம் வாங்கச் சொல்றாங்களே, எல்லார்கிட்டயுமா?

இல்லை. மதிப்புச் சங்கிலி என்றால் உங்களுக்கு விற்பவர்களும் உங்களிடம் வாங்குபவர்களும்; அவர்களில் கொள்முதலிலோ விற்பனையிலோ தனித்தனியே 2% அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர்களிடம் மட்டும். மொத்தத்தில் 75% வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முதல் 250 நிறுவனங்களுக்கு 2025-26ல் இது விருப்பம்தான். மின் உற்பத்தி நிறுவனத்துக்கு இந்தப் பட்டியல் சின்னதாகவே இருக்கும்: நிலக்கரி நிறுவனங்கள், ரயில்வே, நாலைந்து டிஸ்காம்.

எங்க சோலார் மின்சாரத்துக்கான ஆர்இசியை (புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழை) வித்துட்டோம். அதை பசுமைன்னு காட்டலாமா?

பசுமைத் தன்மையை விற்றுவிட்டீர்கள். வாங்கியவர் அதைக் காட்டுவார். நீங்களே உபயோகித்த மின்சாரமாக இருந்தாலும், ஆர்இசி போன யூனிட்டுகளைப் புதுப்பிக்கத்தக்கதாக எண்ணக் கூடாது.

அறிக்கை எழுதிக் கொடுத்த கன்சல்டன்டே சான்றும் தரலாமா?

கூடாது. சான்று தருபவருக்குத் துறை அறிவும் சுதந்திரமும் இருக்கிறதா என்று பார்ப்பது இயக்குநர் குழுவின் பொறுப்பு. அவர் பட்டயக் கணக்காளராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

அவர் கேட்பது விளக்கத்தை அல்ல, தாளை. ஒரு எண்ணைக் காட்டி எந்த மீட்டர், கடைசியாக எப்போது அளவுதிருத்தம் செய்தது, யார் பதிவு செய்தார், யார் சரிபார்த்தார் என்று கேட்பார். அடுத்து அதே எண் மற்ற இடங்களில் என்னவாக இருக்கிறது என்று பார்ப்பார்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஜூன் 30க்குள் போகும் அபாயக் கழிவுக் கணக்கு, செப்டம்பர் 30க்குள் போகும் சுற்றுச்சூழல் அறிக்கை, ஆற்றல் திறன் பணியகத்தின் பாட் (ஆற்றல் சேமிப்பு இலக்கு) திட்டப் படிவம். வாரியத்திடம் ஒரு தண்ணீர் அளவு, செபியிடம் ஒன்று என்றால் எது பொய் என்ற கேள்விதான் மிஞ்சும். எல்லை வேறு என்பது நியாயமான பதில், அந்த வேறுபாட்டுத் தாளை முன்னரே தயாரித்து வைத்திருந்தால்.

போன வருஷ எண் தப்புன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. சத்தமில்லாம மாத்திடலாமா?

மாற்றலாம், சத்தத்தோடு. திருத்திய எண், பழைய எண், காரணம் மூன்றும் அடிக்குறிப்பில். பழைய அறிக்கை பங்குச் சந்தைத் தளத்தில் அப்படியே இருப்பதால், ஒப்பிட யாருக்கும் இரண்டு நிமிடம் போதும்.

எப்ப ஆரம்பிக்கணும்?

மார்ச்சில் முடியும் ஆண்டுக்கு, முதல் 100 நிறுவனங்கள் ஆகஸ்ட் 31க்குள் பொதுக்குழு நடத்த வேண்டும். மற்றவர்களுக்கு செப்டம்பர் 30. அறிக்கை அதற்கு 21 நாள் முன்பே பங்குதாரர் கையில் இருக்க வேண்டும். சான்றுக்கு ஆறு வாரமும் அச்சுக்குக் கொஞ்ச நாளும் ஒதுக்கினால், பெரிய நிறுவனத்தில் ஜூன் நடுவில் எண்கள் உறைந்திருக்க வேண்டும். மே மாதத்தில் தேடினால் கிடைக்காத ஒன்று முந்தைய ஜூலையின் எஸ்எஃப்6 சிலிண்டர் எடை. ஆகவே வார்ப்புருவை ஏப்ரல் முதல் வாரத்திலேயே நிலையங்களுக்கு அனுப்பி, காலாண்டுக்கு ஒருமுறை ஆதாரத் தாள்களோடு திரும்ப வாங்குங்கள்.